எம்.எஸ்சி. எதற்கு? – கடிதம்

வணக்கம் மேடம்,

எனக்குத் திருச்சிப் பக்கம். சென்னையில் பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, கேட்டல் சிகிச்சைக்கான இளநிலைப் பட்டம்) படிக்கிறேன், இப்போது இன்டர்ன்ஷிப். மேலே எம்.எஸ்சி. ஸ்பீச் படிக்க ஆசை. வீட்டில் "அதான் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) நம்பர் வந்துடுமே, இன்னும் ரெண்டு வருஷம் எதுக்கு?" என்கிறார்கள். தெரபி சென்டர்களில் உடனே வேலை கிடைக்கிறது என்பதும் உண்மைதான்.

போன மாதம் நியூரோ வார்டில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஸ்ட்ரோக். எதைக் கேட்டாலும் "ஆமா ஆமா" என்று மட்டும்தான் வருகிறது. மனைவியின் பெயரைக் கேட்டேன். அதற்கும் "ஆமா ஆமா" என்றார், அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படக் கார்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருடம் என்ன படித்தேன் என்று இருக்கிறது. இதையெல்லாம் எம்.எஸ்சி.யில் சொல்லித் தருவார்களா? பிறகு அமெரிக்கா போக வேண்டும் என்றால் இங்கே எம்.எஸ்சி. படிப்பது வீணா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தோழி,

படியுங்கள். வீட்டில் சொல்வதும் தவறில்லை. நம் நாட்டில் இளநிலைப் பட்டமும் ஆர்.சி.ஐ. பதிவும் இருந்தாலே தொழில் செய்யலாம். ஆனால் பட்டம் வாங்கிய மறு மாதமே பெரும்பாலானவர்கள் ஒரு சென்டரில் தனி அறையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முக்கால் மணிக்கு ஒரு குழந்தை, அடுத்த முக்கால் மணிக்கு இன்னொரு குழந்தை. சந்தேகம் வந்தால் கேட்க அந்தக் கட்டிடத்தில் மூத்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். எம்.எஸ்சி.யின் இரண்டு வருடமும் நீங்கள் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறேன். பாடங்களைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

நீங்கள் பார்த்த பெரியவரையே எடுத்துக்கொள்வோம். 1861இல் பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். லெபோர்ன் என்று பெயர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதுதான் பதில். இருபது வருடங்களுக்கு மேல் அப்படியே அந்த மருத்துவமனையில் இருந்தவர். அவர் இறந்த பிறகு மூளையின் இடது முன்பகுதியில் பாதிப்பைக் கண்டார் புரோக்கா. அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் மொழிக் கோளாறு) என்று நாம் இன்று படிப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வளர்ந்தது. உங்கள் பெரியவரின் "ஆமா ஆமா"வும் அதே வகைதான். அவர் "ஆமாம்" என்று சொல்லவில்லை. வேறெதையோ சொல்ல முயல்கிறார், வாயில் இது வருகிறது. வந்தது தப்பு என்று அவருக்கே தெரிந்ததால்தான் அழுதார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உள்ளே புரிதல் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. மோசமான செஷன் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு முக்கியமான தகவல் கிடைத்திருக்கிறது.

பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருந்திருந்தால் அங்கேயே கார்டுகளை ஓரமாக வைக்கச் சொல்லியிருப்பார். பெயர் சொல்லச் சொல்வது இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஆம், இல்லை இரண்டையும் வாய் இல்லாமல் உறுதிசெய்ய வேண்டும்: தலையசைப்பு, கட்டைவிரல், இல்லையென்றால் இரண்டு அட்டை. பதில் நமக்கே தெரிந்த கேள்விகளில் தொடங்குவது. "இது ஆஸ்பத்திரியா?" "நீங்க பொம்பளையா?" அது நிலைத்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒன்று இரண்டு மூன்று என்று கூடவே எண்ணிப் பார்க்கலாம், அவருக்குப் பழகிய ஒரு பாட்டைச் சேர்ந்து பாடிப் பார்க்கலாம். பெயர் சொல்ல முடியாதவர்களிடமும் சில சமயம் இவை தானாக வரும். மனைவியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் அவரோடு பேசப்போவது அந்த அம்மாதான்.

அப்புறம், காத்திருப்பது. கேள்வி கேட்டு இரண்டு நொடி ஆவதற்குள் "வா... வாழை..." என்று எடுத்துக்கொடுக்காத மாணவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும்.

விழுங்கும் பிரச்சினையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஸ்ட்ரோக் வார்டில் முதல் நாட்களில் உங்களைக் கூப்பிடுவதே பெரும்பாலும் அதற்குத்தான். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, கழுத்தின் முன்பக்கம் விரல்களை வைத்து, குரல்வளை மேலே எழுகிறதா என்று தொட்டுப் பார்ப்பீர்கள். பிறகு "ஆ" சொல்லச் சொல்வீர்கள். குரலில் ஈரம் சேர்ந்து களகளவென்று கேட்டால் நிறுத்த வேண்டும். ஆனால் சிலருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. அவர்களைப் பேரியம் கலந்த உணவு கொடுத்து எக்ஸ்ரே வீடியோவில் பார்க்க வேண்டும், அல்லது மூக்கு வழியாக ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும். மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபை எடுக்கலாமா என்று டாக்டர் உங்களைக் கேட்பார். தப்பாகச் சொன்னால் நிமோனியா வரும், உயிருக்கே ஆபத்து. இந்த முடிவைத் தனியாக எடுக்கும் முன்னால், அனுபவமுள்ள ஒருவர் எடுப்பதைப் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். மருத்துவமனையோடு சேர்ந்த துறையா, வார்டில் போஸ்டிங் உண்டா, விழுங்குதல் கேஸ்களை மாணவர்களே பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்கிறது, நுழைவுத் தேர்வுக்கு இப்போதே உட்காருங்கள். சென்னையில் போரூர் ராமச்சந்திராவில் பிளவு அண்ணக் குழந்தைகளுக்கென்று தனி மையமே இருக்கிறது. குரல், திக்குவாய், குழந்தை மொழி எல்லாம் பாடத்திட்டத்தில் எங்கும் வரும். கேஸ் எல்லா இடத்துக்கும் வராது.

இனி எனக்கு மிகவும் முக்கியமான விஷயம், உங்கள் ஆய்வேடு. அதைத் தமிழில் செய்யுங்கள். தயவுசெய்து. நாம் பயன்படுத்தும் பாஸ்டன் பெயரிடும் சோதனையில் அறுபது படங்கள். அதில் இக்லூ என்ற பனி வீடு வருகிறது, பீவர் என்ற விலங்கு வருகிறது, பிரெட்சல் என்ற மேல்நாட்டுத் தின்பண்டம் வருகிறது. மணப்பாறையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் பிரெட்சலுக்குப் பெயர் சொல்லவில்லை என்றால் அது அவருடைய மூளையைப் பற்றி எதையும் சொல்லாது. அதேபோல, "வாளப்பளம்" என்று சொல்லும் குழந்தையை உச்சரிப்புக் கோளாறு என்று எழுதும் முன் அம்மாவைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். வீடே ளகரத்தில் பேசினால் குழந்தை சரியாகத்தான் பேசுகிறது. வட தமிழகத்தில் சில வீடுகளில் அது "வாயப்பயம்". எந்த வட்டாரத்தில் எந்த வயதுக்குள் எந்த ஒலி வரும் என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்குத் தரவு நம்மிடம் இல்லை. பேச்சுத் தமிழில், ஒரே ஒரு மாவட்டத்தில், நாற்பது குழந்தைகளை ஒழுங்காகப் பதிவுசெய்தால்கூடப் போதும். உங்களுக்குப் பின்னால் வருபவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். கைடு லேசான தலைப்பைக் கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அமெரிக்கா. அங்கே முதுநிலைப் பட்டம் இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் நுழையவே முடியாது. அவர்களுடைய சான்றிதழுக்கு 400 மணி நேரக் கிளினிக் அனுபவம், பிராக்சிஸ் தேர்வு, அதற்கு மேல் மேற்பார்வையில் 36 வார வேலை எல்லாம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நான்கு வருட இளநிலை வழியாகவும் வரலாம், வேறு பட்டம் உள்ளவர்கள் முதுநிலை வழியாகவும் வரலாம். எங்கே போவதாக இருந்தாலும் இங்கே பார்த்த கேஸ் வீணாகாது. ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்: எந்தக் கேஸ், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று லாக் புக்கில் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு தேடி அலைவது பெரிய பாடு.

அன்புடன்.