1990களின் பிரிட்டிஷ் ராக் குழுக்களுக்கு இடையே இருந்த பகை உண்மையானதா? ஒயேசிஸைப் போல மற்றவர்களும் மீண்டும் சேர்ந்து சுற்றுப்பயணம் செல்வார்களா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு பகைகள் கலந்திருக்கின்றன. ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் இடையே இருந்தது ஒன்று. ஒரே குழுவுக்குள் புகைந்துகொண்டிருந்தது மற்றொன்று. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியது முதலாவதைப் பற்றித்தான் என்றாலும், யார் மீண்டும் மேடையேறுவார்கள், யார் ஏறமாட்டார்கள் என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். பிரிட்பாப் என்று அழைக்கப்பட்ட அந்த அலையைக் கேசட் காலத்திலிருந்து கேட்டுவருகிறவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன்.

வெளிப்பகைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் பிளர், ஒயேசிஸ் குழுக்களின் மோதல். 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளர் ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்ற சிங்கிளையும் (ஆல்பத்திலிருந்து தனியாக விற்கப்படும் ஒற்றைப் பாடல்), ஒயேசிஸ் ‘ரோல் வித் இட்’ என்ற சிங்கிளையும் வெளியிட்டன. இது தற்செயலாக நேர்ந்ததல்ல. ஒயேசிஸின் தேதி தெரிந்த பிறகு பிளர் தரப்பு தன் வெளியீட்டை நகர்த்தி அதே நாளில் கொண்டுவந்து வைத்தது. என்எம்இ இசை வார இதழ் இதைக் குத்துச்சண்டைப் போட்டியாகச் சித்திரித்து அட்டைப்படம் போட்டது. தெற்கு இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கப் பையன்களா, மான்செஸ்டரின் உழைக்கும் வர்க்கச் சகோதரர்களா என்ற கேள்வி தொலைக்காட்சிச் செய்திகள் வரை போயிற்று. அந்த வாரம் பிளர் 2,74,000 பிரதிகளும் ஒயேசிஸ் 2,16,000 பிரதிகளும் விற்றன. பிளர் தன் சிங்கிளை வெவ்வேறு கூடுதல் பாடல்களுடன் இரண்டு சிடிகளாக வெளியிட்டிருந்ததால் தீவிர ரசிகர்கள் இரண்டையும் வாங்கினார்கள், விலையும் குறைவு. முதலிடம் பிடித்த பாடலைப் பாட பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்தபோது, பிளரின் பேஸ் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் ஜேம்ஸ் ஒயேசிஸ் பெயர் பொறித்த டி-ஷர்ட்டை அணிந்து வந்தார். அந்த மோதலில் எவ்வளவு பகை, எவ்வளவு வியாபாரம், எவ்வளவு குறும்பு என்று எடைபோட அந்த ஒரு காட்சியே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

அதற்காக விஷமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடுத்த மாதமே ஒயேசிஸின் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான நோயல் கேலகர் ஒரு பேட்டியில் பிளரின் பாடகர் டேமன் ஆல்பர்னுக்கும் அலெக்ஸ் ஜேம்ஸுக்கும் எய்ட்ஸ் வரட்டும் என்று பேசி, பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1996 பிரிட் விருது விழாவில் ஒயேசிஸ் சகோதரர்கள் பிளரின் பாடலைக் கெட்ட வார்த்தை சேர்த்துப் பாடிக் கேலி செய்தார்கள். சிங்கிளில் தோற்ற ஒயேசிஸ் ஆல்பத்தில் வெகுதூரம் முந்திச் சென்றது. 1996 ஆகஸ்டில் நெப்வொர்த் திடலில் இரண்டு இரவுகளில் 2,50,000 பேர் அவர்களைப் பார்த்தார்கள். ஆனால் இந்தப் பகை எவ்வளவு எளிதில் ஆறியது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், இளம்வயதுப் புற்றுநோயாளிகளுக்கான அறக்கட்டளை நடத்திய நிகழ்ச்சியில் நோயலும் ஆல்பர்னும் ஒரே மேடையில் நின்று பிளரின் ‘டெண்டர்’ பாடலைப் பாடினார்கள். உடன் பிளரின் கிட்டார் கலைஞர் கிரஹாம் காக்சன், டிரம்ஸில் மூத்த ராக் பாடகர் பால் வெல்லர். 2017இல் ஆல்பர்னின் மற்றொரு குழுவான கொரில்லாஸின் ஆல்பத்திலும் நோயல் குரல் கொடுத்தார். அந்த ஆண்டுகளில் அவர் சொந்தத் தம்பியோடு சேர்ந்து பாடுவதாக இல்லை. எதிரணியோடு கைகுலுக்குவது சுலபம். பங்காளிச் சண்டை அப்படியல்ல.

ஸ்வேட், பிளர் குழுக்களிடையே இருந்த கசப்பு இதைவிட அந்தரங்கமானது. ஸ்வேடின் தொடக்க கால உறுப்பினரும் அதன் பாடகர் பிரெட் ஆண்டர்சனின் காதலியுமாக இருந்த ஜஸ்டின் ஃபிரிஷ்மன், அவரைப் பிரிந்து ஆல்பர்னோடு சேர்ந்தார். பின்னர் எலாஸ்டிகா என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு கிளைச் செய்தி உண்டு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பத்தின் அட்டையை வடிவமைத்து, அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் உடன் சென்றவர் ஈழத்தமிழ்ப் பெண்ணான மாயா அருள்பிரகாசம். அந்தப் பயணத்தில் முன்நிகழ்ச்சி வழங்கிய பீச்சஸ் என்ற கலைஞரிடமிருந்துதான் ஒரு சிறிய தாள இயந்திரத்தில் பாட்டு அமைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பிற்காலத்தில் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி அவர்தான். ஃபிரிஷ்மன் இசையை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஓவியராகிவிட்டதால், எலாஸ்டிகா மீண்டும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி உள்பகை. ஒரு குழு மீண்டும் சேருமா என்று கணிக்க நான் முதலில் பார்ப்பது, பாடல்களுக்குக் கீழே யார் யார் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைத்தான். எழுதியவர் என்று பெயர் இருப்பவருக்குப் பாடல் ஒலிக்கும்போதெல்லாம் உரிமைத்தொகை வந்துகொண்டிருக்கும். பெயர் இல்லாதவருக்கு அந்த வருவாய் கிடையாது. பிளரின் புகழ்பெற்ற பாடல்களில் நால்வர் பெயரும் இருக்கும். பல்ப் குழுவின் ‘டிஃப்ரன்ட் கிளாஸ்’ ஆல்பத்திலும் உறுப்பினர்கள் அனைவருக்கும் பங்கு உண்டு. இவ்விரு குழுக்களும் பிரிந்தாலும் மீண்டும் மீண்டும் சிரமமின்றிக் கூடியிருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஒயேசிஸின் முதல் ஆல்பங்களிலோ கிட்டத்தட்ட எல்லாப் பாடல்களும் நோயலுடையவை. முதல் டிரம்ஸ் கலைஞர் டோனி மெக்கேரல் வழக்குத் தொடுத்து, 1999இல் 5,50,000 பவுண்டு பெற்றுக்கொண்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தார். இதற்கெல்லாம் முன்னோடியான, 1980களின் ஸ்மித்ஸ் குழுவில், தனக்குச் சமபங்கு வேண்டும் என்று டிரம்ஸ் கலைஞர் 1996இல் நீதிமன்றத்தில் வென்ற பிறகு, நால்வரும் ஒன்றாக மேடையேறும் பேச்சே எழவில்லை. 2023இல் பேஸ் கலைஞர் ஆண்டி ரூர்க் மறைந்ததோடு அது முற்றாக முடிந்துபோனது.

ஒயேசிஸ் விஷயத்தில் பணக்கணக்கையும் தாண்டி அண்ணன் தம்பி என்ற உறவு இருந்தது. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸ் விழாவொன்றில் மேடையேறுவதற்குச் சற்றுமுன் நடந்த சண்டையோடு நோயல் வெளியேறினார். பாடகரான தம்பி லியம் கிட்டாரைக் கோடாரிபோல் வீசினார் என்று அவர் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். லியம் மற்ற உறுப்பினர்களை வைத்து பீடி ஐ என்ற குழுவை நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. அதன்பின் தனிப்பாடகராக அவர் எழுந்ததுதான் நிலைமையை மாற்றியது. 2024 கோடையில் ஒயேசிஸின் முதல் ஆல்பத்தின் 30ஆம் ஆண்டையொட்டி அதன் பாடல்களை அவர் தனியாகவே பெரிய அரங்குகளில் பாடினார். அண்ணன் இல்லாமலும் அந்தப் பாடல்களுக்குக் கூட்டம் வரும் என்பதும், அந்தப் பாடல்களுக்கு அந்தக் குரல்தான் வேண்டும் என்பதும் ஒருசேரத் தெரிந்துவிட்டன.

2024 ஆகஸ்ட் 27இல், ஒயேசிஸ் மீண்டும் சேர்கிறது என்ற அறிவிப்பு வந்தது. நான்கு நாள் கழித்து டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, 150 பவுண்டு அளவில் இருந்த நின்று பார்க்கும் டிக்கெட், பல மணி நேரம் இணைய வரிசையில் காத்திருந்து உள்ளே நுழைந்தவர்களுக்கு 350 பவுண்டைத் தாண்டிக் காட்டியது. அந்த விற்பனை முறையைப் பற்றி பிரிட்டனின் போட்டிச் சந்தைகள் ஆணையம் விசாரணை நடத்தும் அளவுக்குக் கோபம் எழுந்தது. ரசிகர்களை இப்படிக் கறந்தது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆனாலும் 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் அரங்கில் இருவரும் கைகோத்து உயர்த்தியபடி வந்து ‘ஹலோ’ பாடலைத் தொடங்கியபோது, மேடையின் ஓரத்தில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்துப் பயிற்சியாளர் பெப் கார்டியோலாவின் அட்டை உருவம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். வெம்ப்லியில் மட்டும் ஏழு இரவுகள்; மொத்தம் 41 நிகழ்ச்சிகள்; நவம்பர் 23இல் சாவோ பாவ்லோவில் நிறைவு. இவ்வளவு நெடும்பயணத்தில் ஒரு நிகழ்ச்சிகூடச் சண்டையால் ரத்தாகவில்லை என்பதே பெரிய விஷயம். புதிய ஆல்பம் இல்லாமல், பெரும்பாலும் 1990களின் பாடல்களையே பாடியதும் அதற்கு உதவியிருக்கும். புதிதாக எதையும் சேர்ந்து உருவாக்க வேண்டியதில்லை என்றால் சண்டைக்கான காரணங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

மற்றவர்களைப் பொறுத்தவரை, பல்ப் ஏற்கெனவே வந்தாயிற்று. 2023இல் மீண்டும் மேடையேறியவர்கள், 24 ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஜூனில் ‘மோர்’ என்ற புதிய ஆல்பத்தை வெளியிட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். ஸ்வேட் 2010 முதல் தொடர்ந்து இயங்குகிறது, 2025 செப்டம்பரிலும் புதிய ஆல்பம் தந்திருக்கிறது. 1994இல் இரண்டாவது ஆல்பத்தின் பதிவு முடிவதற்குள் விலகிய கிட்டார் கலைஞர் பெர்னார்ட் பட்லர் திரும்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததுண்டு. ஆனால் அவருடைய இடத்துக்கு 17 வயதில் வந்த ரிச்சர்ட் ஓக்ஸ் இத்தனை ஆண்டுகளாக அந்த இடத்தை நிரப்பியிருக்கும்போது, அப்படி ஆசைப்படுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்டோன் ரோசஸ் குழு 2012 கோடையில் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் மூன்று இரவுகள் பாடி ஊரையே திரட்டியது. அதே மாதம் ஆம்ஸ்டர்டாமில் டிரம்ஸ் கலைஞர் கடைசிப் பாடலுக்கு முன் கிளம்பிவிட, பாடகர் இயன் பிரவுன் மேடையிலேயே அவரைத் திட்டித்தீர்த்தார். 2017இல் கிளாஸ்கோவில் இறுதி நிகழ்ச்சி நடந்தது. 2025 நவம்பர் 20இல் பேஸ் கலைஞர் மானி காலமானார். பெயரை வைத்துக்கொண்டு யாராவது முயன்றாலும் நான் அதை ஸ்டோன் ரோசஸ் என்று ஏற்கமாட்டேன்.

வெர்வ் குழுவுக்குத்தான் வாய்ப்பு மிகக் குறைவு. 1995, 1999, 2009 என மூன்று முறை பிரிந்தவர்கள் அவர்கள். பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கும் கிட்டார் கலைஞர் நிக் மெக்கேபுக்கும் இடையிலான பிளவு ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போனது. அவர்களுடைய ‘பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி’ பாடலின் உரிமை, அதிலுள்ள இசைத்துணுக்குக்காக ரோலிங் ஸ்டோன்ஸ் தரப்பிடம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிக்கியிருந்தது. 2019இல் அது ஆஷ்கிராஃப்டிடம் திரும்பி வந்தது. 2025இல் ஒயேசிஸின் பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளில் முன்பாடகராக அவர் தனியாகவே அந்தப் பாடலைப் பாட, லட்சக்கணக்கானோர் சேர்ந்து பாடினார்கள். அந்த வரவேற்பைப் பார்த்தவருக்கு மெக்கேபைத் தொலைபேசியில் அழைக்க என்ன அவசரம் இருக்கும்?

மீதி இருப்பது பிளர். 2009இல் கோல்செஸ்டர் அருகே, தாங்கள் முதன்முதலில் வாசித்த ரயில் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கி ஹைட் பார்க் வரை சென்றார்கள். 2012, 2015, 2023 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகிறார்கள். 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் கூட்டம் சேர்ந்து பாட மறுத்தபோது, இனி எங்களைப் பார்க்கவே மாட்டீர்கள் என்று ஆல்பர்ன் கோபித்துக்கொண்டார். அதை அந்த ஊருக்கான கோபமாகவே எடுத்துக்கொள்கிறேன். நால்வரும் இருக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், பாடல்களில் நால்வருக்கும் பங்கு இருக்கிறது. அடுத்து யார் என்று கேட்டால் என் பதில் பிளர்தான். சேமிக்கத் தொடங்குவதாக இருந்தால் லண்டன் கோடைக்காலத்தைக் கணக்கில் வைத்துச் சேமியுங்கள்.