சூடான பிறகும் 1,500 ஆர்பிஎம்: பழைய எஸ்டீமில் எங்கே பார்ப்பது?

கேள்வி: என்னுடையது 2004 மாடல் மாருதி எஸ்டீம், பெட்ரோல். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் (ஆர்பிஎம்) கீழே இறங்குவதில்லை. மைலேஜும் குறைந்துவிட்டது. போன கோடையில் வண்டி ஹீட் ஆகி ரேடியேட்டர் வேலை பார்த்தோம்; அதற்குப் பிறகு டெம்பரேச்சர் முள் முன்பைவிடக் கீழேயே நிற்கிறது. ஒரு மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ரேடியேட்டர் வேலையும் கீழே நிற்கும் முள்ளும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

பெட்ரோல் எஞ்சினின் ஐடிலிங்கைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்று. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், த்ராட்டில் பாடி என்ற காற்று வழியில் உள்ள த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ளும். பக்கத்தில் உள்ள ஒரு சிறு வழியில் ஐஏசி (ஐடில் ஏர் கன்ட்ரோல்) வால்வு கொஞ்சம் காற்றை விடும். எவ்வளவு என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதிகம் விட்டு, சூடேறச் சூடேறக் குறைத்து, 800 - 900 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவரும். இது நடக்கவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அல்லது அதற்குத் தெரியாமல் எங்கிருந்தோ காற்று புகுகிறது.

முதல் காரணத்திலிருந்து தொடங்குங்கள். வண்டி ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் போகவில்லை. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார்கள். கூலன்ட் சுமார் 82 டிகிரிக்கு வரும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால், ஹைவேயில் காற்று அடிக்க அடிக்க எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் குளிர் எஞ்சினுக்கு உரிய காற்றையும் பெட்ரோலையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். உயர்ந்த ஐடிலிங், குறைந்த மைலேஜ், கீழே நிற்கும் முள் மூன்றும் இதில் பொருந்துகின்றன.

சோதிப்பது எளிது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வால்வு சரியாக இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. புதிய வால்வையும் கேஸ்கட்டையும் போடச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. போட்ட பிறகு மறுபடி ஹீட் ஆனால், அடைத்த ரேடியேட்டர், ஓடாத ஃபேன் என்று வேறு காரணத்தைத் தேட வேண்டுமே தவிர வால்வைக் கழற்றக் கூடாது.

வால்வு சரியாக இருந்தால் அடுத்தது டெம்பரேச்சர் சென்சார். டாஷ்போர்டு முள்ளுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். முள் சரியாகக் காட்டுவதால் மற்றதும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு ஒயர் வருவதுதான் கம்ப்யூட்டருக்கானது. இக்னிஷனை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 20 டிகிரியில் 2,200 முதல் 2,700 ஓம் வரை, 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்ட வேண்டும். சூடான எஞ்சினிலும் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் மாற்றிவிடுங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். கூலன்ட் குறைந்திருந்தாலும் சென்சார் ஏமாறும்.

இனி இரண்டாவது காரணம். உங்கள் எஸ்டீமில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றின் அளவைக் கணிக்கிறது. அதனால் ஓட்டை வழியாகப் புகும் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். எஞ்சின் திணறாமல் வேகமாக ஓடுவதால், பலர் லீக் என்றே சந்தேகப்படுவதில்லை.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். முதலில் ஆக்சிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா, தட்டு முழுதாக மூடுகிறதா பாருங்கள். அப்புறம், சூடான எஞ்சின் ஓடும்போது ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, த்ராட்டில் பாடியின் வாயைக் கெட்டியான ரப்பர் ஷீட்டால் நன்றாக மூடுங்கள். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சின் உடனே நின்றால் காற்று த்ராட்டில் பாடி வழியாகத்தான் போகிறது: கரி பிடித்த தட்டு அல்லது திறந்தபடி நிற்கும் ஐஏசி வால்வு. கழற்றி, க்ளீனர் போட்டுத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். பாடியையே மாற்றுவது கடைசி வழி.

மூடிய பிறகும் எஞ்சின் ஓடினால் லீக் த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் வேக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஆர்பிஎம் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை நசுக்கினால் நல்ல வண்டியிலும் சிறிது இறங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை மறக்காதீர்கள். பிரேக்கை மிதிக்கும்போது ஐடிலிங் மாறினால் பூஸ்டரே கிழிந்திருக்கலாம்; அதைத் தள்ளிப்போடக் கூடாது. மேனிஃபோல்டு கேஸ்கட்டைச் சோதிக்க, ஒயர்கள் மீது படாமல் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும்; ஆர்பிஎம் மாறினால் லீக் அங்கேதான். கார்ப் க்ளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

ஸ்க்ரூ விஷயம். த்ராட்டில் தட்டை நிறுத்தும் அந்த ஸ்க்ரூ கம்பெனியில் செட் செய்து அனுப்பியது, ஐடிலிங் வைப்பதற்கானது அல்ல. நிலை மாறினால் தட்டு துளையில் சிக்கும், அல்லது ஆக்சிலேட்டரை யாரோ மிதித்திருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே யாராவது திருகியிருந்தால், தெர்மோஸ்டாட்டையும் லீக்கையும் சரிசெய்த பிறகு, தட்டின் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜைப் பார்த்தபடி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.