மைல் கணக்கில் சூரியக் கலம்

அன்புள்ள ஐயா,

மெல்லிய சூரியக் கலங்களைச் சுருள் சுருளாகச் செய்ய வழி கண்ட அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஸ்டான்ஃபோர்டு ஒவ்ஷின்ஸ்கியைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எனக்கு இரண்டு சந்தேகங்கள். படிகமல்லாத சிலிக்கனில், அதாவது அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அடுங்காத சிலிக்கனில், முதல் சூரியக் கலத்தைச் செய்தவர்கள் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க மின்னணு நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோபர் ரான்ஸ்கியும். அப்படியிருக்க ஒவ்ஷின்ஸ்கியை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள்? இன்னொன்று, சுமார் 400 காப்புரிமைகள் வைத்திருந்தவர் தொடங்கிய நிறுவனம் 2012-ல் திவாலானது. அந்தக் காகிதங்களால் என்ன பயன்? என்னிடமும் ஒரு யோசனை இருக்கிறது. காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் சந்தேகத்தில் நீங்கள் சொன்ன தகவல் சரி. 1976-ல் கார்ல்சனும் ரான்ஸ்கியும் வெளியிட்ட கலம் தன்மேல் விழுந்த வெயிலில் 2.4 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. ஆனால் ஆய்வக மேசையில் ஒரு கலம் வேலை செய்வதற்கும், கூரை கூரையாகப் போர்த்துகிற அளவுக்கு அதைச் செய்து தள்ளுவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. ஒவ்ஷின்ஸ்கி வேலை செய்தது அந்தத் தூரத்தில். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கலம் அல்ல, கலத்தைச் செய்கிற இயந்திரம்.

இதற்கு அவருடைய ஆரம்பத்தைப் பார்க்க வேண்டும். 1922-ல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் பழைய இரும்பு சேகரித்து விற்றுப் பிழைத்தவர். மகன் கல்லூரிக்குப் போகவில்லை, லேத் பட்டறையில் தொழில் கற்றார். முதலில் கண்டுபிடித்ததும் ஒரு லேத் இயந்திரம்தான். அதற்கு அப்பாவின் பெயரையே வைத்தார். அப்புறம்தான் நரம்பியல், மின் சுவிட்சுகள், படிகமல்லாத பொருள்கள் என்று ஒவ்வொன்றாகத் தானே படித்துக்கொண்டு உள்ளே போனார். 1960-ல் டெட்ராய்ட்டில் மனைவி ஐரிஸுடன் சேர்ந்து ஒரு ஆய்வகம் தொடங்கினார். ஐரிஸ் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வகம்தான் பின்னாளில் எனர்ஜி கன்வர்ஷன் டிவைசஸ் ஆனது.

வழக்கமான சிலிக்கன் கலம் எப்படிச் செய்யப்படுகிறது? உருக்கிய சிலிக்கனைக் கட்டியாக்கி, ரம்பத்தால் மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியாகக் கையாள வேண்டும். அன்றைக்கு அறுக்கும்போதே விலையுயர்ந்த சிலிக்கனில் பாதியளவு தூளாகிப் போனது. லேத்தில் வளர்ந்த மனிதருக்கு இது எப்படி உறுத்தியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. படிகமல்லாத சிலிக்கன் ஒளியை நன்றாக உறிஞ்சும், ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனே போதும். அவ்வளவு மெல்லியது என்றால் அறுக்கவே வேண்டாம், எதன்மேலாவது பூசிவிடலாம். அதனால் செய்தித்தாள் அச்சடிப்பதுபோல, ஓடுகிற சுருளின்மேல், நிறுத்தாமல், மைல் கணக்கில் செய்வது என்று முடிவு செய்தார்.

சொல்வது சுலபம். அந்த இயந்திரத்தின் உள்ளே ஒரு நிமிடம் நில்லுங்கள். சுமார் 35 சென்டிமீட்டர் அகலத்தில், கால் மில்லிமீட்டரில் பாதித் தடிமனில், ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு சுருளிலிருந்து பிரிந்து மெதுவாக நகர்கிறது. வழியில் வரிசையாக வெற்றிட அறைகள். ஓர் அறையில் பாஸ்பரஸ் கலந்த வாயு, அடுத்ததில் கலப்பில்லாத சிலேன் (சிலிக்கனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு), அடுத்ததில் போரான் கலந்த வாயு. மின்னேற்றத்தில் வாயு பிளந்து, சூடான தகட்டின்மேல் படலமாகப் படிகிறது. நடு அறைக்குள் பாஸ்பரஸோ போரானோ துளி கசிந்தாலும் அந்தப் படலம் கெட்டது. கதவு வைத்து அடைக்கலாம் என்றால் தகடு ஓடிக்கொண்டே இருக்கிறதே!

அதற்கு அவர்கள் கண்ட வழியை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவில், தகடு மட்டும் நுழைகிற மெல்லிய பிளவு. வேண்டாத வாயு எதிர்த்து வர முடியாதபடி அந்தப் பிளவுக்குள் வேறொரு வாயுவை இடைவிடாமல் ஓடவிடுகிறார்கள். பிளவு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ஆனால் தகடு தொய்ந்தால் புதிதாய்ப் படிந்த படலம் கீழே உரசிவிடும். அதனால் பிளவின் மேற்புறத்தில் காந்தங்கள். தகடு காந்தத்தில் ஒட்டுகிற எஃகு வகை என்பதால், அது மேலே இழுபட்டுத் தட்டையாக நகர்கிறது. இதற்கென்றே ஒரு காப்புரிமை உண்டு. இது இயற்பியல் பாடத்திலிருந்து மட்டும் வந்துவிடாது, பட்டறையில் இரும்போடு பழகியவர்களின் புத்தி.

இது ஒருவர் வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த இயந்திரத்தின் காப்புரிமைகளில், ஒவ்ஷின்ஸ்கியுடன் வேலை பார்த்த மசாட்சுகு இசுவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியாகக் கட்டிய பெரிய இயந்திரங்கள் ஒரு கால்பந்து மைதான நீளம். இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள சுருள்களில் ஒரே ஓட்டத்தில் ஒன்பது படலங்களைப் பூசின. ஏன் ஒன்பது? வெயில் பட்டால் இந்தச் சிலிக்கனின் திறன் குறையும் என்று 1977-ல் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் கண்டுபிடித்தார்கள். படலம் மெல்லியதாக இருந்தால் அந்தச் சரிவு குறைவு. அதனால் மூன்று மெல்லிய கலங்களை, ஒவ்வொன்றுக்கும் மூன்று படலமாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. காப்புரிமைகளால் பயனே இல்லை என்று சொல்லாதீர்கள். நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலத்துக்கும், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஒளித்தட்டுக்கும் அவருடைய காப்புரிமைகளைப் பல நிறுவனங்கள் உரிமம் வாங்கிப் பயன்படுத்தின. சூரியக் கலத்தில் காலம்தான் கைகொடுக்கவில்லை. சுருள் முறையின் அடிப்படைக் காப்புரிமைகள் 1980-களின் முதல் பாதியில் வழங்கப்பட்டவை. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஆயுள் 17 ஆண்டு. சூரிய மின்சாரத்துக்கு உண்மையான சந்தை திறந்தபோது அவற்றின் காலம் முடிந்துபோயிருந்தது.

அதோடு, காப்புரிமை உங்கள் இயந்திரத்தை இன்னொருவர் செய்யாமல் தடுக்கும். வேறு வழியில் மலிவாகச் செய்வதைத் தடுக்காது. சூரியக் கலத்துக்கான சிலிக்கன் 2008-ல் உடனடிச் சந்தையில் கிலோ 400 டாலரைத் தாண்டியபோது ஒவ்ஷின்ஸ்கியின் வழி ஒளிர்ந்தது. 2012-க்குள் அது 30 டாலருக்கும் கீழே போனது. 8 சதவீதத் திறனுள்ள சுருள் கலத்துக்கு, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு திறனுள்ள வில்லைக் கலத்தோடு போட்டி போடுவது இயலாமல் போயிற்று. நிறுவனத்தை விட்டு அவர் 2007-லேயே விலகியிருந்தார். விலகிய கையோடு, 84 வயதில், இன்னும் வேகமாகப் படலம் பூசும் இயந்திரத்துக்காகப் புதிய நிறுவனம் தொடங்கினார். 2012 அக்டோபரில் காலமானார்.

உங்கள் யோசனைக்கு விண்ணப்பியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் வாங்குகிறவர் எந்த வருடம் வருவார் என்று முதலில் கணக்குப் போடுங்கள், ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால், அந்தக் காந்தப் பிளவின் காப்புரிமையைத் தேடிப் படியுங்கள். உரிமைக் கோரிக்கைகள் அப்புறம் இருக்கட்டும். முதலில் படத்தைப் பாருங்கள், தகடு எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது என்று விரலால் தொடர்ந்து போங்கள்.