தலை தேயுமுன் கேளுங்கள்

திருகோணமலை உவர்மலையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து மரவேலை மெஷின்களைத் திருத்தி வருகிறேன். மாரி முடிந்து, மூலையில் கிடந்த வாளையும் பிளேனரையும் எல்லோரும் வெளியே இழுக்கிற காலம் இது. வந்த கேள்விகளில் முக்கால்வாசியும் ஒரே கேள்விதான்: ஸ்க்ரூ அசையவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன், பிளக்கைக் கழற்றிவிட்டீர்களா? சுவிட்சை அணைத்தது கணக்கில் வராது.

நிலாவெளி வாசகர்: மேசை வாளின் பக்கத் தகட்டில் நான்கு ஸ்டார் ஸ்க்ரூ (சிலுவைக் குழி உள்ளவை). இரண்டு வந்துவிட்டன. மற்ற இரண்டிலும் டிரைவர் வழுக்கி மேலே ஏறுகிறது, தலையும் தேயத் தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் கையை எடுங்கள். தலை இருக்கும்வரை பத்து வழி உண்டு. தலை போனால் மிஞ்சுவது இரண்டு மூன்றுதான்.

தலையை வெளிச்சத்தில் பாருங்கள். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பான் முறை ஸ்க்ரூ. நம் கையில் இருப்பது பெரும்பாலும் பிலிப்ஸ் டிரைவர். அதன் நுனி குழியின் அடியைத் தொட்டு நின்றுவிடும், பக்கங்கள் சரியாகப் பிடிக்காது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறும். ஜப்பான் மெஷின் வைத்திருப்பவர்கள் அதற்குரிய டிரைவர் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய இரண்டாம் நம்பர் பிலிப்ஸின் நுனியை மட்டும் ஒரு மயிரிழை தேய்த்துப் பாருங்கள். புள்ளி இல்லாமல் சிலுவைக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பொசிட்ரைவ், ஐரோப்பிய மெஷின்களில் வரும். அதற்கும் தனி டிரைவர்தான்.

சரி, பொருத்தமான டிரைவர் கிடைத்துவிட்டது. குழிக்குள் இறுகிய மரத்தூளை ஊசியால் கிண்டி எடுங்கள். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் டிரைவரைத் தலையில் நிறுத்தி, பின்புறத்தில் சுத்தியலால் நாலைந்து தட்டு. கழற்றுவதற்கு முன் ஒரு நூல் அளவு இறுக்கிப் பாருங்கள். துரு உடைகிற சின்ன 'டிக்' சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கழற்றுங்கள். டிரைவர் இன்னும் வழுக்கினால், எஞ்சின் வால்வு தேய்க்கிற பசையை நுனியில் கொஞ்சம் தடவுங்கள். அதிலுள்ள மணல் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவரும் நல்ல சாமான்தான், ஆனால் அடியில் முட்டுக் கொடுக்காமல் அடிக்க வேண்டாம். வார்ப்பு அலுமினியம் வெடித்துவிடும்.

நிலாவெளியில் ஏன் இப்படி ஆகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடற்காற்றின் உப்பு மட்டும் காரணம் இல்லை. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி, அந்த உப்பை ஸ்க்ரூவின் புரிக்கு, அதாவது சுற்று வெட்டுக்கு, பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் ஆப்பு அடித்த மாதிரி உள்ளே இறுகும். மெஷினை மூடி வைக்குமுன் தூளைத் தட்டி வையுங்கள்.

கிண்ணியா வாசகர்: பட்டி வாளின் புலியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) உள்ள அலன் ஸ்க்ரூவின் ஆறுமூலைக் குழி உருண்டுவிட்டது. சாவி சும்மா சுற்றுகிறது.

எந்தச் சாவி போட்டீர்கள்? ஐந்து மில்லிமீட்டர் குழிக்குள் 3/16 அங்குலச் சாவியும் போகும். அது 4.76 மில்லிமீட்டர்தான், அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளிதான் மூலையைத் தின்கிறது. இப்போது செய்யக்கூடியது: சற்றுப் பெரிய டோர்க்ஸ் பிட் (ஆறு முனை நட்சத்திர வடிவம்) ஒன்றைக் குழிக்குள் சுத்தியலால் இறக்கித் திருப்புவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் துளைகளில் சில மெஷின்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். மேலே உள்ளது பூட்டு. அதை எடுத்துவிட்டு, புலி அசையவில்லையே என்று சுத்தியலால் அடித்துப் புலியையே உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடைத்தவர்களில் நானும் ஒருவன். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

பாலையூற்று வாசகர்: தலை முறிந்துவிட்டது. ஈசி அவுட் போடலாமா?

கடைசியில்தான். முறிந்த ஸ்க்ரூவில் துளையிட்டு இறக்கி, இடப்பக்கம் திருப்பி எடுக்கிற அந்தக் கருவி கடினமான, நொறுங்கும் எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடவே தொடாது. முதலில் நடுவில் குத்தி, இடதுபக்கம் சுற்றும் பிட்டால் துளையிடுங்கள். சூட்டிலும் அதிர்விலும் பலமுறை ஸ்க்ரூ தானாகவே சுழன்று வெளியே வந்துவிடும். தலை முறிந்த இடம் வெளியே தெரிந்தால், வெல்டிங் பட்டறையில் அதன்மேல் ஒரு நட்டை ஒட்டித் திருப்பச் சொல்லுங்கள்.

மூதூர் வாசகர்: அண்ணை, இந்த எண்ணெய்களெல்லாம் காசு பிடுங்கத்தான். எங்கள் அப்பா ஓடாவி (தச்சர்). தேங்காய் எண்ணெய் விட்டு வைத்து மறுநாள் கழற்றுவார். வராத ஸ்க்ரூவே கிடையாது.

அப்பாவின் கைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை, எண்ணெய்மேல்தான் சந்தேகம். துருப்பிடித்த புரியின் இடைவெளி மிக மெல்லியது. தேங்காய் எண்ணெய் தடித்தது, 24 பாகைக்குக் கீழே இறுகவும் தொடங்கும். மண்ணெண்ணெய் அதைவிட எளிதாக உள்ளே போகும்.

மூதூர் வாசகர், மறுபடி: நேற்றும் செய்து பார்த்தேன். பிளேனர் கத்தி போல்ட் ஆறும் வந்தன.

வாழ்த்துகள். எண்ணெய் விட்ட பிறகு என்ன செய்தீர்கள்?

மூதூர் வாசகர்: தகரக் கூரையில் மத்தியானம் முழுவதும் வைத்தேன். பிறகு மெல்லத் தட்டினேன்.

அப்படியானால் கழற்றியது வெயிலும் சுத்தியலும்! பிளேனர் உருளை அலுமினியமாக இருந்தால் அதுவே பெரிய உதவி: ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை கொஞ்சம் தளரும். சூட்டில் தேங்காய் எண்ணெயும் இளகி உள்ளே போயிருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பிளேனர் கத்தியில் பாதி நேரம் துருவே இல்லை, மரப் பிசின்தான். அதற்கு மண்ணெண்ணெய்.

கிண்ணியா வாசகர், குறுக்கே: கியர் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் எதுவும் கிட்ட வராது. மூதூர்க்காரருக்குச் சொல்லுங்கள்.

கியர் ஒயில் இல்லை, ஓட்டோ கியருக்கு விடுகிற மெல்லிய ஒயில். நல்ல கலவைதான். ஆனால் நின்றால் பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கரைக்கும், ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும். மரத்தூள் கிடக்கிற அறையில் போத்தலைத் திறந்து வைத்துச் சிகரெட் பிடிக்காதீர்கள்.

மூதூர் வாசகர்: தேங்காய் எண்ணெய் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்காது.

இந்தப் புள்ளி உங்களுக்கு. மற்றவர்களுக்கும் இடம் விடுவோம்.

சீனன்குடா வாசகர்: எண்ணெய் விட்டு மூன்று நாளாகிறது. துருவே தெரியவில்லை, ஆனால் அசையவும் இல்லை.

கழன்று வந்த மற்ற ஸ்க்ரூவின் புரியில் நீலமாகவோ சிவப்பாகவோ காய்ந்த பசை தெரிகிறதா? அது ஸ்க்ரூ தானாகக் கழலாமல் இருக்கப் பூசுகிற பூட்டுப் பசை. எண்ணெய்க்கு அசையாது. நீலம் சாதாரணமாகவே கைக்கருவிக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்புக்கு ஏறக்குறைய 250 பாகைச் சூடு வேண்டும். சோல்டரிங் அயனைத் தலையில் சில நிமிடம் வைத்து, சூடு ஆறுமுன் திருப்புங்கள். பேரிங்கின் கிரீஸும் பிளாஸ்டிக்கும் அருகில் இருந்தால் நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தை மட்டும் சூடாக்க வேண்டாம். குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சு வாயு தரும். பிளக்கைக் கழற்றினீர்களா?

சாம்பல்தீவு வாசகர்: ஈசி அவுட் எந்த அளவு நல்லது?

பாலையூற்றுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தம்பலகாமம் வாசகி: மேசை வாளின் கத்தி நட்டை எந்தப் பக்கம் திருப்புவது, ஐயா? இரண்டு பக்கமும் முயன்றேன்.

இரண்டு பக்கமும் முயன்றதுதான் ஆபத்து, தங்கச்சி. பல வாள்களில் வழக்கத்துக்கு எதிராகத் திரும்பும் இடதுபுரி இருக்கும். நினைவில் வைக்க ஒரு வழி: பற்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, கத்தி சுழல்கிற அந்தத் திசையிலேயே ஸ்பானரைத் திருப்பினால் கழலும். ஓடும்போது நட் தானாகக் கழலக்கூடாது என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். கத்தி சுற்றாமல் இருக்க மரத்துண்டால் முட்டுக் கொடுங்கள், விரலால் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு.

உப்புவெளி வாசகர்: மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. ஈசி அவுட் போட்டால் சரியாகுமா?

இல்லை. மோட்டாரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் பழுதாகியிருக்கலாம். மோட்டார் கட்டுகிறவரிடம் கொண்டு போங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், கை வைக்க வேண்டாம்.

பாலையூற்று வாசகர், மறுபடி: ஈசி அவுட் போட்டேன். முறிந்துவிட்டது.

மெஷினைக் கொண்டு வாருங்கள். நட் ஒட்டிப் பார்ப்போம். வரும்போது மூதூர்க்காரரிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கேட்டு வாங்கி வாருங்கள்.