எஸ்டோனியாவின் சேம்பர் கொயர்: கேட்டவையும் நான் சொன்னவையும்

தேவாலயப் பாடகர் குழுவில் 30 ஆண்டுகளுக்கு மேல் பாஸ், அதாவது ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல், பாடியவன் என்பதால் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். எஸ்டோனிய பில்ஹார்மோனிக் சேம்பர் கொயர் என்ற சிறிய பாடகர் குழுவைப் பற்றி மட்டும் கேளுங்கள். சினிமாப் பின்னணிப் பாட்டில் வரும் கோரஸ் பற்றி வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: இந்தக் குழுவைத் தொடங்கியவர் யார்? எப்போது?

1981, தோனு கல்யுஸ்தே. தேர்வுக்கு இது போதும். ஆனால் கதை அவருடைய தந்தை ஹெய்னோ கல்யுஸ்தேயிடம் தொடங்குகிறது. அவர் 1951-இல் தலைநகர் தாலினில் எல்லர்ஹெய்ன் என்ற சிறுவர் குழுவை ஆரம்பித்தார். கை அசைவுகளால் ஸ்வரம் கற்பிக்கும் ஹங்கேரிய முறையை எஸ்டோனியப் பள்ளிகளுக்கு ஏற்றபடி மாற்றியவரும் அவரே. 1966-இல் அதே பெயரில் பெரியவர்களுக்கான சேம்பர் கொயர் பிறந்தது. அது அமெச்சூர் குழு. பகலில் வேறு வேலை, மாலையில் பாட்டு. 1970-களில் அது மகன் கைக்கு வந்தது. 1981-இல் சம்பளம் பெறும் தொழில்முறைக் குழுவாயிற்று. அப்போது எஸ்டோனியா சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சேலம், கல்லூரி மாணவர்: பாட்டுப் பாடியே விடுதலை வாங்கியது இந்தக் குழுதானே ஐயா?

இல்லை தம்பி. இந்தக் குழப்பம் எங்கே போனாலும் என்னைத் துரத்துகிறது. சோவியத் பிடியிலிருந்து விடுதலை கேட்டு 1988-இல் தாலின் பாட்டுத் திடலில் லட்சக்கணக்கில் திரண்டு பாடியவர்கள் பொதுமக்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாட்டுத் திருவிழா 1869-இல் தார்த்துவில் தொடங்கியது; அதில் பாடுபவர்களும் ஊர் ஊராக வரும் அமெச்சூர் குழுவினர்தான். நாம் பேசும் குழுவில் முப்பது பேர்கூட இல்லை. திடலையும் சேம்பர் கொயரையும் ஒன்றாக்காதீர்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: எத்தனை கிராமி?

இரண்டு, இரண்டும் எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் படைப்புகளுக்கு. 2007-இல் ‘த பாசெம்’, நடத்தியவர் பால் ஹில்லியர். 2014-இல் ‘ஆடம்ஸ் லமென்ட்’, நடத்தியவர் கல்யுஸ்தே. அது லாட்வியக் குழுவினருடனும் பகிர்ந்துகொண்ட இசைத்தட்டு. 2004-இல் பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் படைப்புகளுக்காகக் கிராமி பெற்றது எஸ்டோனிய தேசிய ஆண்கள் கொயர். அது வேறு குழு. குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944-இல் தொடங்கியது.

சென்னை, வீணை பயிலும் வாசகி: தம்புரா இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. ஒன்றேகால் மணி நேரம் எப்படிச் சுருதி விலகாமல் பாடுகிறார்கள்?

நல்ல கேள்வி அம்மா. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது பார்ட்டின் ‘கானன் பொகயானென்’ என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டிய 750-ஆம் ஆண்டுக்காக எழுதப்பட்டது. 1998-இல் அந்தப் பேராலயத்திலேயே இக்குழு முதலில் பாடியது. 80 நிமிடத்துக்கு மேல் நீளும். மொழி சர்ச் ஸ்லாவோனிக், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டின் பழைய மொழி. ஒரு வாத்தியமும் கிடையாது.

தொடக்கத்தில் இசைக்கவையைத் தட்டி ஸ்வரம் எடுப்பார்கள். பிறகு காது மட்டும்தான். பார்ட்டின் முறையில் ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும். அதனோடு இணைந்த குரல் ஸ, க, ப என்ற மூன்று இடங்களில் மட்டுமே நிற்கும். இதற்கு அவர் சூட்டிய பெயர், சிறு மணிகளின் ஒலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கேட்க எளிது. பாடுபவருக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. காந்தாரம் முடியளவு இறங்கினாலும் அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பத்து நிமிடத்தில் குழுவே அரை ஸ்வரம் கீழே போய்விடும். எங்கள் குழுவில் மூன்று நிமிட கீதத்துக்கே இது நடக்கும். பழி எப்போதும் பாஸ்காரர்கள் மேல்தான் விழும்.

கோவை வாசகர்: அப்படியானால் பார்ட் நம் தம்புராவிலிருந்துதானே எடுத்திருக்கிறார்?

இல்லை. அவர் போய்ப் படித்தது கிரகோரியப் பாடல் எனும் பழைய ஒற்றைக்குரல் தேவாலயப் பாட்டும் இடைக்கால ஐரோப்பியப் பல்குரல் இசையும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி: நீங்கள் சம்பளக்காரர்களை உயர்த்திப் பேசுகிறீர்கள். பாட்டு மக்களுடையது. கூலிக்குப் பாடும் முப்பது பேரைவிட அந்தத் திடலில் நின்றவர்களே மேல்.

ஐயா, யார் மேல் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். வேல்யோ தோர்மிஸ் என்ற இசையமைப்பாளர் 1970 முதல் 1989 வரை ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்ற தொகுப்பை எழுதினார். லிவோனியர், வோத்தியர், இஷோரியர், இங்க்ரியர், வெப்ஸியர், கரேலியர். ஆறு இனங்கள், ஆறு பாடல் வரிசைகள். லிவோனிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2013-இல் இறந்தார். அந்தப் பாட்டுகளைப் பாட வேண்டிய ஊரே இல்லாமல் போன பிறகு யார் பாடுவது? இந்தக் குழு 1990-இல் ஆறு வரிசைகளையும் பதிவு செய்தது; 1992-இல் இசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. இத்தனை மொழிகளின் உச்சரிப்பை நாவில் ஏற்ற எவ்வளவு ஒத்திகை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். காலை பத்து மணிக்கு அவர்கள் வேறு எங்கும் போகாமல் ஒத்திகை அறையில் இருக்கத்தான் சம்பளம்.

அதே ஆசிரியர்: அந்த மெட்டுகளை உண்டாக்கியவர்கள் சம்பளம் வாங்கவில்லையே.

உண்மை. மறுக்கவில்லை. அந்த மண்ணின் பழம்பாட்டே கூட்டாகப் பாடுவதுதான். எட்டசை வரி, அதில் மோனை தெறிக்கும். ஒருவர் வரி எடுப்பார். கூட்டம் அவருடைய கடைசி அசையிலேயே புகுந்து அதே வரியைத் திரும்பப் பாடும். கூட்டத்தின் கடைசி அசையில் அவர் மறுபடி நுழைவார். மூச்சு விடுவது யாரென்றே தெரியாது. தோர்மிஸ் அதை மேடைக்குக் கொண்டுவந்தார், மெட்டைத் திருத்தாமல். அவருடைய பாட்டுகளை அமெச்சூர் குழுக்களும் நன்றாகவே பாடுகின்றன.

நாகர்கோவில் வாசகி: ஆசிரியர் பக்கம் நான். சேம்பர் கொயர்க்காரர்கள் பாடும்போது எல்லாம் சுத்தமாக இருக்கிறது, உயிர் இல்லை.

எதில் கேட்டீர்கள்? கைப்பேசியின் ஒலிபெருக்கியில் என்றால் பாஸ் குரலில் பாதி உங்களை வந்து சேரவே இல்லை. நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள்; வாங்கிக்கொள்கிறேன்.

திருச்சி வாசகர்: விடுதலைப் பாட்டுப் பாடிய குழு இதுதானே?

இரண்டாம் பதில்.

பெங்களூர் வாசகர்: கல்யுஸ்தேக்குப் பின் யார்?

2001-இல் ஹில்லியர், 2008-இல் டேனியல் ராய்ஸ், 2014-இல் காஸ்பார்ஸ் புட்னின்ஷ். 2021-இல் மறுபடியும் கல்யுஸ்தே. ஹில்லியர் ஆங்கிலேயர், பார்ட் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர். வெளிநாட்டு நடத்துநர் வந்தால் குழுவின் நிறம் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. ‘த பாசெம்’ கேட்ட பிறகு நான் அதை நம்புவதில்லை.

மதுரை வாசகி: மொத்தம் எத்தனை கிராமி என்று சொல்ல முடியுமா?

மேலே இருக்கிறது. படியுங்கள்.

பாளையங்கோட்டை, பள்ளி மாணவி: கேட்டால் எங்கோ தூரத்தில் பாடுவது போல இருக்கிறதே, கம்ப்யூட்டரில் எதிரொலி சேர்த்தார்களா?

நீ கேட்டது ‘கானன்’ பதிவு என்றால், அது தாலின் நிகுலிஸ்தே ஆலயத்தின் எதிரொலி, பாப்பா. 1944 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1984-இல் அருங்காட்சியகமாகவும் கச்சேரிக் கூடமாகவும் திறந்தார்கள். உயரமான கல் மண்டபம். சொல்லின் வால் அடங்கும்வரை குழு அடுத்த சொல்லைத் தொடாது. அந்த மௌனத்தின் நீளத்தையும் நடத்துநர்தான் கையில் வைத்திருப்பார். ‘தே தேயும்’ இசைத்தட்டு மட்டும் பின்லாந்தில், லோஹ்யா ஆலயத்தில் பதிவானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். எந்தச் சுவர் அதிக நேரம் பேசுகிறது என்று எனக்கு எழுது.