அக்கா சொன்னது பழைய மாத்திரை

(ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருபது வருடம் ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, நான் திருநங்கை, வயது 24. சித்திரையில் கூவாகம் போனபோது முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். பிறகு நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. என்று உறுதியானது. மூன்று மாதம், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டேன். "இதைப் போட்டால் ஹார்மோன் வேலை செய்யாது, மார்பு வளராது" என்று எங்கள் திருநங்கைகள் ஜமாத்தில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார். பத்து நாளாக நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் கடை கேட்க, அதாவது கடை கடையாகக் காசு கேட்க, மும்பை போகிறோம். நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷன், செய்துகொள்ளவும் ஆசை. டாக்டர் மாட்டேன் என்பாரா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: மகளே, இதைப் படித்ததும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கிளம்பு. பத்து நாள் விட்டதற்கு யாராவது சத்தம் போட்டால் போடட்டும், மாத்திரை கைக்கு வந்தால் சரி. விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

அக்கா பொய் சொல்லவில்லை. அவர் காலத்து மாத்திரையைச் சொல்கிறார். அதில் எஃபாவிரென்ஸ் இருந்தது. தலை சுற்றும், ராத்திரியில் கண்டபடி கனவு வரும், சில ஹார்மோன்களின் அளவையும் குறைக்கும். இப்போது பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோடு மோதாது. ஆனால் சில அசிடிட்டி மருந்து, இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு மோதும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பே இதைப் போட்டுவிடு.

எனக்குப் பயமெல்லாம் உன் ஹார்மோனைப் பற்றித்தான். ஹார்மோனுக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி ஒரு நாளைக்கு நாலு போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் கட்டி, கால் ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். நீ என்ன போடுகிறாய் என்பதை டாக்டரிடம் மறைக்காதே.

நீங்கள் மறைப்பதற்கு எங்கள் மேலும் தப்பு உண்டு. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கினார்கள். அந்த வருடம்தான் நான் வேறொரு ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். சேலை கட்டி வந்திருந்த ஒருவரை, அட்டையில் இருந்த ஆண் பெயரைச் சொல்லி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். எழுந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், வெளியே போய்விட்டார். ரிசல்ட் என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. பாசிட்டிவ். அவர் திரும்பி வரவே இல்லை. அப்புறம்தான், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதலில் கேட்கப் பழகினேன். யாரும் கேட்காவிட்டால் நீயே சொல்லிவிடு.

ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகத்தை மும்பைக்கு எடுத்துப் போ. அதைக் காட்டினால் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கலாம். அங்கேயே தங்குவதானால் டிரான்ஸ்ஃபர் எழுதி வாங்கிக்கொள். ரயிலில் ஒரு வேளை தவறினால், நினைவு வந்ததும் போடு. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடாதே. வழி தெரியாவிட்டால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் போடு, காசு கிடையாது.

நிர்வாணம்: ஹெச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. முதலில் ஒழுங்காக மாத்திரை போட்டு, வைரஸ் அளவு இறங்கியதா என்று பரிசோதனையில் பார்த்துவிடு. நம் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். அவசரப்பட்டு, டாக்டர் இல்லாமல் தானே அறுத்துவிடும் தாயம்மாவிடம் போய் உட்காராதே.

கேள்வி: எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு ஹெச்.ஐ.வி. என்று பேச்சு. காலி செய்யச் சொல்லலாமா?
- வீட்டுக்காரர், ஈரோடு

பதில்: கூடாது. 2017-இல் இயற்றிய ஹெச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை, படிப்பு, மருத்துவம் போல வாடகை வீடும் அதில் அடக்கம். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால் யாருக்கும் ஒன்றும் தொற்றாது. வாடகை ஒழுங்காக வருகிறதா, சொல்லுங்கள்?