கொழுப்புக் கல்லீரலுக்கு ‘எதிர்ப்புச் சக்தி’ மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: வயது 42. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது. எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 78. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை எடுத்தால் கல்லீரல் சீக்கிரம் தேறும் என்கிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கல்லீரலில் எதிர்ப்புச் செல்களுக்குப் பஞ்சமில்லை. அவை அடங்காமல் போவதுதான் இந்த நோயின் சிக்கலே.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. சத்துகளோடு பாக்டீரியாத் துணுக்குகளும் அதில் இருக்கும். ரத்தப் பாதையிலேயே தங்கி அவற்றை விழுங்குபவை குப்ஃபர் செல்கள். உடல் திசுக்களில் நிலையாக வாழும் மேக்ரோபேஜ்களில், அதாவது கிருமிகளையும் கழிவையும் விழுங்கும் எதிர்ப்புச் செல்களில், 80 சதவீதத்துக்கு மேல் இவைதான். கண்டதற்கெல்லாம் இவை கொதித்தெழுந்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கல்லீரலில் அழற்சி வரும். அதனால் பெரும்பாலும் அமைதியாகவே வேலையை முடிக்கின்றன. கல்லீரல் ஆரோக்கியத்தில் பாதி இந்தப் பொறுமைதான் என்பேன்.

கொழுப்பு சேர்ந்து கல்லீரல் செல்கள் அடிபடும்போது அந்தப் பொறுமை குலைகிறது. சிதைந்த செல்களிலிருந்து கசிபவை குப்ஃபர் செல்களை உசுப்புகின்றன. ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள், டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் வந்து சேர்கின்றன. இவை சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்கள் கல்லீரலிலேயே இருக்கும் ஸ்டெல்லேட் செல்களைத் தூண்ட, அவை கொலாஜன் நாரைக் குவிக்கின்றன. இதுதான் ஃபைப்ரோசிஸ் எனும் நார்த்தழும்பு, முற்றினால் சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம். நல்ல செய்தியும் உண்டு: காரணம் நீங்கினால், நாரைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பதும் மேக்ரோபேஜ்களே.

ஆகவே காரணத்தைக் குறையுங்கள். எடை கூடுதலாக இருந்தால் 7 சதவீதம் குறைந்தாலே அழற்சி தணியத் தொடங்கும். 10 சதவீதம் குறைந்தால் பலருக்கு நார்த்தழும்பும் பின்வாங்குகிறது. பட்டினி கிடந்து சட்டென்று இளைக்க வேண்டாம், அது அழற்சியைக் கூட்டலாம். மதுவை நிறுத்துங்கள். ரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இன்னொரு கவலை. பச்சைத் தேயிலையின் அடர்சாறு சேர்ந்த மாத்திரைகளால், குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. மூலிகை என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், எஸ்ஜிஓடி (இன்னொரு நொதி), பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டையும் எடுத்தால் வயது, எஸ்ஜிபிடியோடு சேர்த்து மருத்துவர் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 என்ற எண்ணைக் கணக்கிடுவார். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. மேலே என்றால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படலாம். ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளையும் அதே ரத்தத்தில் செய்துவிடுங்கள். பி இருந்தால், பிற்காலத்தில் ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ தொடங்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டி செல்கள் அடக்கிவைத்திருக்கும் வைரஸ் அப்போது மீண்டும் பெருகக்கூடும்.